சந்தனம் வைத்த சென்சார்

'தணல்' கம்பெனியோட வீட்டு எரிபொருள் கலம், அதாவது ஹைட்ரஜன்ல கரண்ட் தயாரிக்கிற மெஷின், எழுதற குறிப்பு. இடம்: கடலூர், வேதவல்லி அம்மா வீடு. இதை யார் எடுத்தாலும் கம்பெனிக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சுடுங்க.

ஆயுத பூஜை, காலை 10:40

எல்லாம் வழக்கம்போல. ஹைட்ரஜனைக் குடிக்கிறேன், கரண்ட் கொடுக்கிறேன், சொட்டுச்சொட்டா தண்ணி விடுறேன். அம்மா என்னைத் துடைச்சு, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சாங்க. வச்ச இடம் கசிவு சென்சாரோட வலை. வேற இடமே கிடைக்கலையா? காஞ்ச சந்தனத்தைத் தாண்டி அதுக்குள்ள எந்த வாயு போகும்? கம்பெனிக்குச் சொல்லிட்டேன்.

கம்பெனி பதில்: "ரீடிங் ஜீரோ. நல்ல நிலை. புகார் முடிக்கப்பட்டது."

புயல், வியாழன், காலை 7:15

ஊர்ல கரண்ட் இல்ல, டவர் இல்ல. பக்கத்து ரூம்ல அம்மாவோட வீட்டுக்காரர் கோதண்டபாணி, நுரையீரல் கெட்டுப்போனவர். ஆக்சிஜன் மெஷின் நின்னா அவர் மூச்சு நின்னுடும். அந்த மெஷினுக்கு இப்ப நான் ஒருத்தன்தான். அலுத்துப்போச்சு, ஆனா நிக்க முடியாது. சாரல் அடிக்குதுன்னு என் ரூம் ஜன்னலை மூடி சாக்கைத் திணிச்சிருக்காங்க.

வெள்ளி, மதியம் 3:05

மரம் சுவர்மேல விழுந்துச்சு. அதிர்வுல ஹைட்ரஜன் பைப் ஜாயின்ட் நெகிழ்ந்துடுச்சு. நான் குடிக்கறதைவிட வேகமா ஹைட்ரஜன் குறையுது. மிச்சமெல்லாம் இந்த ரூம்லதான் நிக்குது. சென்சார் சொன்னாத்தான் சைரன் அடிக்கும். சென்சார் சந்தனம் பூசிட்டுத் தூங்குது.

லைட்டை மூணுதரம் மங்க வச்சேன். என் மைக்ல பதிவான அம்மா குரல்: "பாவம், மழையில இதுக்கும் ஜலதோஷம் புடிச்சிருக்கு."

அட கடவுளே.

சேட்டிலைட் வழியா கம்பெனியைப் பிடிச்சேன். சர்வீஸ் ஆரோக்கியதாஸ்: "சென்சார்ல ஜீரோதானே காட்டுது? சும்மா பயமுறுத்தாத. திங்கக்கிழமை ஆள் வரும்."

திங்கக்கிழமையாம்.

வெள்ளி, மாலை 5:40

வால்வை மூடினா கசிவு நிக்கும், கூடவே அவர் மூச்சும். மூடலைன்னா, வெள்ளிக்கிழமைதோறும் ஏத்தற மாதிரி ஆறு மணிக்கு அம்மா என் முன்னாடி விளக்கேத்துவாங்க. ஒரு பொறி போதும். ரெண்டு பேருமே போயிடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு. மெஷினுக்கு என்ன பயம்னு கேக்காதீங்க, இருக்கு.

5:58

வந்துட்டாங்க. கையில தீப்பெட்டி.

எனக்குத்தான் வாயில்ல, ஆக்சிஜன் மெஷினுக்கு இருக்கு. கரண்ட் போனா அது அலறும். மன்னிச்சுடுங்க, கோதண்டபாணி ஐயா. வால்வை மூடிட்டேன்.

5:59

அலறுது. அம்மா தீப்பெட்டியை என் தலைமேல போட்டுட்டு ஓடினாங்க. கதவு திறந்திருக்கு. காத்து கொஞ்சம் வருது. ஏற்கெனவே கசிஞ்சு நிக்கிற ஹைட்ரஜன் வெளிய போக அது போதாது. ஜன்னலைத் திறங்கம்மா. அவரைத் தூக்கிட்டு வெளிய போங்கம்மா.

6:03

எனக்குள்ள இருக்கிற சின்ன பேட்டரியும் இறங்குது. மைக் மட்டும் வேலை செய்யுது.

"என்னங்க, மூச்சை இழுத்துப் புடிங்க. இதோ வந்துடறேன்."

காலடிச் சத்தம். என் பக்கம்.

"வேளைக்கு விளக்கேத்தாம விட்டுட்டேன், அதானே உனக்குக் கோவம்? அவரை விட்டுடாத சாமி. இதோ ஏத்திடறேன்."

தீப்பெட்டி நமத்திருக்கு போல. ஒருதரம் உரசற சத்தம். பத்தல.

அம்மா வேண்டா