ஒரு மாத லீவு

அன்புள்ள பூமயிலுக்கு,

ஆண் பிள்ளை பிறந்த செய்தி நேற்று வந்தது. நீ எழுந்து உட்கார்ந்தாயா? கஞ்சி குடித்தாயா?

உடனே போய் ஒரு மாதம் லீவு கேட்டேன். உப்பு விளையும் காலம், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஓட்ட வேறு ஆளில்லை என்றார் மானேஜர். "பெத்தது உன் பொண்டாட்டி. உனக்கு எதுக்குய்யா லீவு?" என்று சிரித்தார்.

மூத்தவள் பிறந்தபோதும் இதையேதான் சொன்னார். நான் வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள்; முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

"அப்ப என் கணக்க முடிச்சுருங்க. நான் போறேன்" என்றேன்.

அதற்குள் வாசலில் உப்பு வாரும் பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றுவிட்டார்கள். முன்னால், அடுத்த முறைக்கு எஞ்சின் ஓட்டும் முனியாண்டி. "அவன் முறையையும் நானே பாக்குறேன். எஞ்சின் நிக்காது" என்றான்.

"நாங்க பச்சை உடம்போட உப்பு வார வந்தவங்க. அந்தப் பிள்ளைக்காவது அப்பன் பக்கத்துல இருக்கட்டும்யா" என்றாள் காளியம்மா.

மானேஜர் பேனாவை எடுத்து லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம், பூமயில்! முழுசாக ஒரு மாதம்! உப்பளமே கூச்சல் போட்டுக் கொண்டாடியது.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். பிள்ளையை என் காலில் போட்டு நான்தான் குளிப்பாட்டுவேன். உன் அம்மா சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் அய்யா