லிங்கத்தின்மேல் ஊன்றிய கால்

அன்புத் தம்பிக்கு,

ஈசன் அருளால் நீயும் உன் வீட்டாரும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இதற்குமேல் இதமாக எழுத இன்று என்னால் ஆகாது.

உங்கள் அருங்காட்சியகத்தில் வைக்கவிருக்கும் நூற்றைம்பது ஆண்டுப் பழைய பென்சில் படத்தின் நகலும், அதன் கீழே அச்சாகப்போகும் உன் குறிப்பும் நேற்று வந்து சேர்ந்தன. "சிவலிங்கத்தைக் காலால் உதைக்கும் வேடன்." இதை எழுதவா உனக்கு அங்கே மேசையும் நாற்காலியும் போட்டிருக்கிறார்கள்? தொலைபேசியில் கேட்டால், "கால் சாமிமேல இருக்கு, பின்ன என்னன்னு எழுதறது அண்ணே?" என்று சிரிக்கிறாய்.

அம்பின் முனை எங்கே இருக்கிறது என்று பார்த்தாயா? அவன் கண்ணருகே! ஒரு கண்ணை ஏற்கெனவே தோண்டி இறைவனுக்கு அப்பிவிட்டான். இப்போது இறைவனின் மறு கண்ணிலும் குருதி. மிஞ்சிய தன் கண்ணையும் பெயர்த்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாதே என்றுதான் கால்விரலை அடையாளமாக ஊன்றியிருக்கிறான். லிங்கத்திலிருந்து நீண்டு அவனைத் தடுக்கும் கையை, "யாருடையதெனத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். தெரியவில்லையா? நாம் இருவரும் ஒரே பாயில் படுத்துக் கேட்ட கதையடா அது!

அறியாதவன் எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். நீ காலை மட்டும் பார்த்தாய். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நொடி யோசிக்கவில்லை.

இந்த வரியோடு பேனாவை வைத்துவிட்டேன். காலையில் தொடங்கிய கடிதம், இப்போது மாலை.

என் மகள் இங்கே வராமல் ஆறு மாதமாகிறது. அப்போது என் கண் அறுவைக்குப்பின் ஒரு மாதம் படிக்கக் கூடாது என்றார் மருத்துவர். நான் கேட்கவில்லை. என் பதிகப் புத்தகங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "புத்தகம் எங்கயும் போகாதுப்பா. கண்ணு போனா வராது" என்றாள். தெய்வ நூலைச் சிறைவைத்த பாவி என்று, நீயும் பார்த்திருக்க, அவளை வாசல்வரை விரட்டினேன். சாவியோடு போனாள். பூட்டு அப்படியே தொங்குகிறது. உன் குறிப்பின் பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படித்துத்தான் நேற்று அத்தனை கோபப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுமுன் குறிப்பை மாற்று. மாற்றாவிட்டால் நானே வந்து படத்தின் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் இதை எழுதியவன் என் தம்பி என்று சொல்வேன்.

உங்கள் எல்லோர் கண்களையும் ஈசன் காப்பாராக. என் மகள் உன் பேச்சைக் கேட்பாள். வரச் சொல். சாவி அவளிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன்