பதினேழாம் நம்பர் வீடு

சேசு, மரி, சூசை
ஆரணி, 20-6-83

அன்பு மகள் பெரியநாயகத்துக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு முட்டிவலிதான், பம்பாயில் மழை பிடித்துக்கொண்டதாமே, ஈரத்தலையோடு படுக்காதே. இதற்குமேல் எழுத நல்ல சேதி என்னிடம் இல்லை கண்ணு.

மே மாசம் உன் ஆராய்ச்சிப் புத்தகம் தபாலில் வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் தெருவில் தறிக்கார வீடுகளில் யாருக்கு இருமல், யாருக்கு டி.பி. என்று நீ கேட்டு வந்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நம்ம பொண்ணுதானே சொல்லுங்க, பேர் வெளியே வராது என்று கூடவே வந்து சத்தியம் செய்தவள் நான். நீயும் சொல் தவறவில்லை, பேர் போடாமல் வீட்டுக்கு நீயாக ஒரு நம்பர் மட்டும்தான் போட்டிருக்கிறாய். ஆனாலும் எதிர்வீட்டு மாணிக்கவேல் மகள் குணசுந்தரிக்குப் போளூரில் பேசின சம்பந்தம் முறிந்துபோச்சு. டி.பி. என்று நீ எழுதின பதினேழாம் நம்பர் அவர்கள் வீடு என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது. தெருவே உன்னைத்தான் ஏசுகிறது. அவள் அம்மா கமலம் குழாயடியில் என்னை நிறுத்தி, ஒங்க பொண்ணு சிரிச்சி பேசிகினே எங்க வூட்டு மானத்த அச்சு போட்டு வுட்டுட்டாளே டீச்சரம்மா, நல்லா இருப்பாளா என்று அழுதாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணம் போனால் போகட்டும், அந்தப் பைத்தியக்காரப் பெண் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் புத்தகத்தில் இருப்பது நிஜம் என்று ஆகிவிடுமாம். இருபது நாளாகிறது. நீ சொன்னாய் என்றுதானே ஐந்து மாசம் விடாமல் சாப்பிட்டுத் தேறினாள்? வியாழக்கிழமை தறியில் உட்கார்ந்தபடியே ரத்தமாகத் துப்பினாளாம். மாத்திரை எடுத்துக்கொண்டு ஓடினேன், பெரியநாயகம் அக்காவை நம்பினது போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பாவுக்கே தெரியாததை உனக்குச் சொல்கிறேன். பெண்ணைப் பற்றி அக்கம்பக்கம் விசாரிக்கிற வழக்கப்படி போளூர்க்காரர்கள் முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். தங்கமான பொண்ணுங்க என்று சொல்லிக் காபி கொடுத்தேன். அதோடு நிறுத்தினேனா பாவி, என் மகள் எழுதினது என்று புத்தகத்தை மாப்பிள்ளையின் பெரியப்பா கையில் கொடுத்தேன். அவர் இங்கிலீஷ் படித்தவர், இதில் உங்க வீடு எதும்மா என்று கேட்டார். பெட்டியில் பூட்டி வை, யாருக்கும் காட்டாதே என்று நீ நம்பர் குறித்துக் கொடுத்துப்போன தெருப்படத்தை நானே விரித்து, இது நாங்க பதினாறு, இது எதிர்வீடு பதினேழு என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எல்லாரும் எழுந்து போனார்கள்.

பழி உன்மேல் விழுந்தபோது, அவள் தூரத்தில் இருக்கிறாள், நான்தானே இந்தத் தெருவில் தலைகாட்ட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பெற்றவள் செய்கிற காரியமா இது? உன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால்தான் குணசுந்தரி மாத்திரையைத் தொடுவாள். இரண்டு தடவை அவர்கள் வாசற்படிவரை போய்த் திரும்பிவிட்டேன். அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன், இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நேராக அங்கே போகிறேன்.

தேவமாதா உனக்குத் துணையிருப்பாளாக. நேரத்துக்குச் சாப்பிடு. குணசுந்தரிக்கு இன்றே தனியாகக் கடிதம் போடு, என்னைக் காப்பாற்றி எழுதாதே.

உன் அம்மா
பாக்கியமேரி