புழுங்குது என்றாய், ரியாஸ்

என் மாப்ள ரியாஸுக்கு,

பெரம்பலூரில் கத்திரி வெயில். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். எல்லாரும் கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொள்கிறார்கள். பேப்பர், துண்டு, ஒருவர் ரேஷன் கார்டு. அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை.

இமயமலைக்குக் கிளம்பிய அன்று உன் அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? "வெயில்ல காயறது பத்தாதுன்னு பனியில வேற காயப் போறீங்களாடா?" நாம் சிரித்தோம். எனக்கு அவர் மாமி. அந்த உரிமையில் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

பனிச்சரிவு கூடாரத்தையும் வந்த வழியையும் கொண்டுபோனது. நம்மை ஒரு பாறை இடுக்கில் உட்காரவைத்துவிட்டு வழிகாட்டி உதவி தேடி இறங்கினார். அப்போதும் உன் வாய் ஓயவில்லை.

"மச்சான், இங்க செத்தா ஒரு வசதிடா. அத்தா துபாய்லேர்ந்து வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டி வேணாம்."

மறுநாள் காலை உன் நடுக்கம் நின்றது. தேறிவிட்டாய் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், ரியாஸ்.

"மச்சான், புழுங்குதுடா."

உன் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே இருந்ததையும் திறந்தேன். என் குல்லாவைக் கழற்றி உனக்கு விசிறினேன். நம் ஊர்க்காரனுக்குப் புழுக்கத்துக்கு வேறென்ன தெரியும்? நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்: "கரண்ட் வந்துருச்சா?"

மதியம் மீட்புக்குழு வந்தது. நான்கு பேர், ஒரே கயிற்றில். மூத்தவர் உன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இதைத் திறந்தது யார் என்று இந்தியில் கேட்டார்.

அவனேதான், என்றேன்.

அவர் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினார். முதலில் உன்னைத்தான் இறக்கினார்கள். உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். உடம்பு சூடேறிய பிறகுதான் சொல்வோம் என்றார். கீழே முகாமில் மாலைவரை உனக்குச் சூடேற்றினார்கள். அதன் பிறகுதான் சொன்னார்கள்.

குளிர் முற்றினால் கடைசியில் புழுங்குவது போலிருக்கும், பலர் தாங்களே உடையைத் திறந்துவிடுவார்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். "உங்கள் நண்பரும் அப்படித்தான்." நான் தலையாட்டினேன்.

திறக்காமல் இருந்திருந்தால்? அந்த நான்கு பேர் வரும்வரை தாங்கியிருப்பாயா?

மாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடைசியாக என்ன சொன்னான்?

"புழுங்குதுன்னான் மாமி."

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார். "எம்புள்ளைக்கிக் குளுரவே இல்லியாம். அல்லா லேசாக்கிட்டான்."

மூன்று முறை போனேன். மூன்று முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

உன் வீட்டுக்குப் போகும் லப்பைக்குடிக்காடு பஸ் வந்துவிட்டது. இன்று டீக்கு முன்பே சொல்லிவிடுவேன். திறந்தது என் கை. உனக்குக் குளிரவில்லை என்பதும் பொய்யில்லை. அதை அவரிடமிருந்து பிடுங்க மாட்டேன். இரண்டையும் கேட்டபின் தன்னை மாமி என்று நான் கூப்பிட விடுவாரா, தெரியாது.

அதுவரை
உன் மச்சான்,
கதிர்