அப்பா அரைக்கும் கீழாநெல்லி

கொல்லயில் கிராமம்

அன்புள்ள மகள் ஸ்ரீகலாவுக்கு அம்மா எழுதுவது. மகாதேவர் அருளால் நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவையும் சேர்த்து அப்படி எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

ஓணத்துக்கு நீ பேசியபோது, உங்கள் ஆய்வகத்தில் கீழாநெல்லியிலிருந்து எடுத்த ஏதோ ஒரு சத்து எலிகளின் கல்லீரல் தழும்பைக் குறைக்கிறது என்றாய், மனிதர்களுக்கு ஆகுமா என்று தெரிய இன்னும் பல வருஷம் பிடிக்கும் என்றும் சொன்னாய். அப்பாவுக்கு முதலில் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. மறுநாளே தென்னந்தோப்பில் இறங்கிப் பறிக்கத் தொடங்கிவிட்டார். தினமும் அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறார், வீட்டுக்கு யார் வந்தாலும் உன் பெயரைச் சொல்லி ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புகிறார். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். கல்லீரலுக்கு டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது, கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோதுதான் தெரிந்தது.

நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், கல்லீரல் முன்னைவிடக் கெட்டிப்பட்டுவிட்டது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். “எனக்க மவ கண்டுபிடிச்ச மருந்தாக்கும்” என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மாத்திரையை விட்டால் உள்ளே ரத்தம் கசியும் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பஸ்ஸில் திரும்பும்போது, “எனக்க மவளவிட அவருக்குத் தெரியுமோ” என்கிறார். நான் அழுதும் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன். அவர் எழும்புவதற்கு முன்னால் தோப்பில் இருந்த செடியை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். ஒரு வார்த்தை கோபப்படவில்லை, அந்தக் காலோடு பஸ் ஏறிப் பனச்சமூடு சந்தையில் வாங்கி வந்தார்.

மக்கா, நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார். அது இன்னும் மருந்தாகவில்லை அப்பா, மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர் முகம் என்னவாகும் என்று நினைத்தால், சொல்லாதே என்றும் எழுதத் தோன்றுகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இப்போதுகூட வந்து எட்டிப் பார்த்தார், தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். மகளுக்கா எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டு, “அவ ராவும் பகலும் கெடந்து கஷ்டப்படண்டாம், பையச் செய்யட்டு, அப்பா இருப்பேன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

எல்லா நன்மையும் உனக்கு வரட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அவரை மட்டும் கூப்பிட்டுப் பேசு, நான் கோயிலுக்குப் போய்விடுகிறேன், பக்கத்தில் இருந்து பார்க்க என்னால் ஆகாது.

உன் அம்மா,
ஆனந்தலட்சுமி