முதல் பிடி விதை

விதைச் சாமை மூட்டையை இன்று காலை அவிழ்த்தேன். பூச்சி அண்டாமலிருக்க நீ உள்ளே போட்ட நொச்சி இலை சருகாகிவிட்டது. வாசம் மட்டும் போகவில்லை. நீ வீட்டுக்குள் நடமாடுவது போலவே இருந்தது. விதையை எடுக்கவும் மனம் வரவில்லை, மூட்டையைக் கட்டவும் மனம் வரவில்லை.

முதல் பிடி விதையைத் தாலி இழந்தவள் தொடக் கூடாது என்பது ஊர்க் கட்டு. நீயோ அந்த வருஷம் விதைக்கூடையைப் பக்கத்து வீட்டு மல்லிகாவிடம் கொடுத்தாய். புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், பயந்து பின்வாங்கினாள். "மண்ணு இன்னா, கழுத்தப் பாத்தா மொளைக்க வுடுது? போடு மல்லிகா" என்றாய்.

அந்த வருஷம் பார்த்துத்தானா மழை பொய்க்க வேண்டும்! ஊரே உன்னைக் கைகாட்டியது. மறுவருஷமாவது நீயே விதைத்திருக்கலாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவளாயிற்றே, மறுபடியும் அவளைத்தான் கூப்பிட்டாய். அதோடு நம் கொல்லைக்கு, அந்தச் சாமைக் காட்டுக்கு, அறுப்பு ஆள் வருவது நின்றது. ஒருவர் கொல்லையை எல்லோரும் கூடி அறுப்பதுதான் இங்கே முறை. நம் கொல்லையில் மட்டும் நாம் மூன்று பேர். நீ அழுதாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் கையிலிருந்து கூடையைத் திருப்பி வாங்கவில்லை.

இப்போது நீயும் இல்லை. மல்லிகா மகனோடு திருப்பத்தூர் போய்விட்டாள். வீட்டுப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. நேற்று நாட்டாமை கூப்பிட்டனுப்பியபோது ஆசையோடுதான் போனேன், மறைப்பானேன். ஊரே அங்கே கூடியிருந்தது.

"அன்னிக்கு உங்க வூட்டம்மா செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அறுப்புக்கு எல்லாரும் வர்றோம். கோயில் கொல்லையில இந்த வருசம் மொத பிடிய நீங்களே போடுங்க. ஊர்ல மூத்தவரு நீங்கதான" என்றான்.

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை முகங்களைக் கிட்டத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"நானும் பொண்டாட்டிய பறிகுடுத்தவன் தானப்பா? என் கை மட்டும் இன்னா ராசி?" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். இந்த வருஷம் விதைப்பும் அறுப்பும் நான் ஒருவன்தான்.

அவர்கள் விழித்த விழியை உன்னிடம் சொல்ல வேண்டுமே என்று வேகவேகமாக நடந்து வந்தேன். கதவைத் தள்ளியதுமே, "ஏய், சேதி கேட்டியா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.