சமக்காசும் ஸ்கூட்டர் சாவியும்

மார்ச் 3

இன்று சமக்காசின் சின்னத்துக்கு என்ன நிறம் என்று ஓட்டெடுப்பு. பச்சையா, நீலமா? பச்சைக்கு முந்நூற்றுப் பதினோரு பேர். நீலத்துக்கு ஒரே ஒருவர். நீலம் ஜெயித்தது.

அந்த ஒருவர் என் அத்தான். அக்காவின் புருஷன். சமக்காசு என்ற இந்த நாணயத்தை உண்டாக்கிய மகான். கையில் பிடிக்க முடியாத நாணயம். போனுக்குள்ளேயே பிறந்து போனுக்குள்ளேயே செலவாகும். எங்கள் தெருவில் பேக்கரி, சலூன், தையற்கடை, நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை, எல்லாவற்றிலும் வாங்குகிறார்கள். 'தலைவன் இல்லாத பணம், எல்லாருக்கும் ஓட்டு' என்று சுவரொட்டியே உண்டு. பொய்யில்லை, ஓட்டு எல்லாருக்கும் உண்டுதான். ஒரு காசுக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் காசை முதல் நாளே அத்தான் தன் பேரில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"மக்கள் தீர்ப்பு வந்தாச்சு. க்ரூப்ல போட்டுடு" என்றார். க்ரூப்புக்கு நான்தான் அட்மின். போட்டேன். கைதட்டும் பொம்மை ஒன்றும் சேர்த்துப் போட்டேன். அவர் வீட்டு மாடியறையில் சும்மா தங்கியிருப்பவள் வேறென்ன செய்வாள்?

மார்ச் 6

தையற்காரர் கண்ணாடிக்கு வந்தார். படிக்கிற தூரம் வேறு, ஊசியில் நூல் கோர்க்கிற தூரம் வேறு. அதனால் தைப்பது போல உட்காரச் சொல்லி, கண்ணுக்கும் கைக்கும் நடுவே அளந்தேன். ஃபிரேமைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"முந்நூறு பேர் ஒரு பக்கம், ஒருத்தர் ஒரு பக்கம். அந்த ஒருத்தர் எப்படிம்மா ஜெயிச்சார்?"

"ஒரு காசுக்கு ஒரு ஓட்டுங்க."

"அப்ப இது ஓட்டு எண்றது இல்லம்மா. எடை போடுறது."

சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதை அப்படியே க்ரூப்ல கேளுங்களேன்" என்றேன். சும்மா ஒரு குறும்புக்குத்தான்.

மார்ச் 7

கேட்டேவிட்டார்! எல்லார் முன்னாலும்! நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் வைப்பதைத் தவிர எதற்கும் வாய் திறக்காத சலூன்காரர் (நானும் அக்காவும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'குட்மார்னிங்') கூட, "நியாயமான கேள்வி" என்று எழுதினார்.

அத்தானும் படித்தார். சாப்பிடும்போது தட்டை இரண்டு தடவை தள்ளித் தள்ளி வைத்தார்.

மார்ச் 8

தையற்காரரின் கணக்கு பூட்டப்பட்டது. அறிவிப்பில் காரணம்: பாதுகாப்பு. யாருடைய பாதுகாப்பு?

மார்ச் 10

தையற்காரர் கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடியைப் போட்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம். பேக்கரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பேசி வைத்திருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டவில்லை என்றால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். சேர்த்தது முழுவதும் சமக்காசில். போனைத் திறந்து காட்டினார். கணக்கின் மேல் ஒரு பூட்டுப் படம். அதுவும் நீலம்.

"நான் ஒரு கேள்விதானேம்மா கேட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கேட்கச் சொன்னது யார்? நான். பெரிய குறும்புக்காரி.

மார்ச் 11

அத்தானிடம் கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நானே நாளைக்கு நம்பமாட்டேன்.

"நான் பூட்டலையே" என்றார். "ஐவர் குழுதான் பூட்டுச்சு. அஞ்சு சாவியில மூணு கையெழுத்து விழுந்தாத்தான் எதையும் பூட்ட முடியும். அந்த அறிவிப்ப நீயே எத்தனை தடவை க்ரூப்ல போட்டிருக்கே."

உண்மை. போட்டிருக்கிறேன். அந்த ஐவர் யார் என்று கேட்க ஒரு நாளும் தோன்றவில்லை.

"யாரு அத்தான் அந்த அஞ்சு பேர்?"

"நான், உங்க அக்கா, எங்க அம்மா, என் தம்பி." கொஞ்சம் நிறுத்தி, "நீ."

தூக்கிவாரிப் போட்டது. அவர் எழுந்து போய், வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து வந்தார். அதே வளையத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு, பென்டிரைவ் மாதிரி, ஐந்து மின்சாவிகள், ஐந்து நிறத்தில். நாங்கள் எல்லாரும் தினமும் பார்க்கிற கொத்துதான். ஏதோ ஆபீஸ் சாமான் என்று நினைத்திருந்தேன்.

"சிவப்பு உன்னுது."

"நான் எப்ப கையெழுத்துப் போட்டேன்?"

"எட்டாந்தேதி காலையில. நீ குளிச்சிட்டிருந்தே."

"சரி, இப்ப பூட்டைத் திறங்க."

"அதுக்கும் மூணு கையெழுத்து வேணுமே! நான் ஒருத்தனா முடிவெடுக்க இது என்ன சர்வாதிகாரமா?"

துளிக்கூடச் சிரிக்காமல் சொன்னார். அந்த ஆளுக்கு உண்மையிலேயே அதில் நம்பிக்கை இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 12

அக்காவிடம் சொன்னேன். அவளுடைய மஞ்சள் சாவியும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "விட்டுடுடி. வீட்டுக்குள்ள எதுக்கு வம்பு? நீ இருக்கிறதும் இந்த வீட்டுலதான்" என்றாள்.

சரியான இடத்தில் குத்தினாள். மேலே வந்து அழுதேன்.

மார்ச் 15

ஒன்றுமில்லை. க்ரூப்பில் ஒரே அமைதி. 'குட்மார்னிங்' ரோஜாப்பூ போட்டிருக்கிறார். வேறு எவரும் எதுவும் கேட்பதாக இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மார்ச் 19

மூன்றாவது கையெழுத்து தன்னுடையது என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அத்தை என்றால் அக்காவின் மாமியார். பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கடை ரசீதைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நான் சொல்லவில்லை. (சரி, சொன்னேன். நாட்குறிப்பிலுமா பொய்?)

"என் கையெழுத்தையா? என்னைக் கேக்காமலா?"

கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்த வேகத்தைப் பார்த்து நானே இரண்டடி பின்னால் போனேன். தையற்காரர், பூட்டு, முன்பணம் ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. கையெழுத்து, கையெழுத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 22

இன்று மதியச் சாப்பாடு. இதை நிதானமாக எழுத வேண்டும்.

அத்தை கையைக்கூட நனைக்கவில்லை. "எங்க சாவிய எங்ககிட்ட குடு" என்றார்.

அத்தான் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அதிகாரம் ஒரே இடத்தில் குவியக் கூடாதாம். அதனால்தான் ஐந்தாகப் பிரித்திருக்கிறாராம்.

"பிரிச்சு ஒரே வளையத்துல மாட்டியிருக்கியேடா" என்றார் அத்தை.

"அம்மா, சாவி கை மாறணும்னா அதுக்கு ஓட்டெடுப்பு வேணும்."

"எடு."

"ஒரு காசுக்கு ஒரு ஓட்டு. உனக்குக் காசே கிடையாது."

"இது நான் வாங்கின மேஜை. இங்க ஒரு தட்டுக்கு ஒரு ஓட்டு."

அத்தை கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அத்தான் தூக்கவில்லை. வெளியூரில் இருக்கும் அவர் தம்பியைப் போனில் பிடித்தோம். "நான் குழுவுல இருக்கேனா? சம்பளம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப அண்ணன் சொல்றபடி" என்று வைத்துவிட்டார். இரண்டுக்கு இரண்டு.

அக்கா மட்டும் பாக்கி. கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அத்தான் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் ஓட்டு அவர் பையில்தான் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"என் கையெழுத்து எனக்கு வேணும்" என்றாள். அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

வளையம் மேஜைக்கு வந்தது. ஆனால் சாவிகளின் ரகசிய எண்ணைச் சொல்ல மாட்டேன் என்று அத்தான் உதட்டை இறுக்கிக்கொண்டார். அத்தை தன் சாவியைச் செருகி, மகனுடைய பிறந்த தேதியைத் தட்டினார். திறந்துகொண்டது. மஞ்சளுக்கும் அதே எண். சிவப்புக்கும் அதே எண். மொத்தச் சமக்காசும் இத்தனை நாள் இவர் பிறந்தநாளை நம்பித்தான் நின்றிருக்கிறது!

மூன்று கையெழுத்து. தையற்காரர் கணக்கிலிருந்து பூட்டு போய்விட்டது.

மார்ச் 24

தையற்காரர் முன்பணம் கட்டிவிட்டார். கடைக்கு வந்து சொன்னார். நன்றி என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. "யாரோ பூட்டுறாங்க, யாரோ திறக்குறாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

சுருக்கென்றது. ஆனால் சரிதானே?

மார்ச் 29

அத்தான் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அக்கா வழியாகத்தான் கேட்கிறார். நான் உப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. சாவி எங்கள் மூவர் கைக்கு வந்த கதை தெருவெல்லாம் பரவிவிட்டது. 'குட்மார்னிங்' இன்று க்ரூப்பில், 'சமக்காசு சமையற்கட்டுக்குப் போய்விட்டது' என்று எழுதினார். நாற்பது பேர் சிரித்தார்கள். அதே நாற்பது பேர்!

"ரெண்டே ரெண்டு நாள் பூட்டி வைப்போமா அவரை?" என்றேன். "வைப்போம். அத்தை சாவி எங்க?" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தோம். நான் சிவப்புச் சாவியைச் செருகி எண்ணையும் தட்டிவிட்டேன். கையெழுத்துப் போடட்டுமா என்று திரை கேட்டது. அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவளும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். சாவியை உருவிவிட்டேன்.

என்ன சுலபம்! அத்தானுக்கும் அந்தக் காலையில் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 4

மூன்று சாவி இருந்தால் விதியையே மாற்றலாம். எங்கள் மூவரின் கடைசிக் கையெழுத்து: இனிமேல் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. ஐவர் குழுவுக்குத் தேர்தல், வருஷத்துக்கு ஒரு தடவை. ஜெயிக்கிறவர்கள் சாவியை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், அவரவர் எண்ணோடு.

இதையும் யாரையும் கேட்காமல்தான் செய்தோம். மூன்று பேர், ஒரு சாப்பாட்டு மேஜை. தெரியும். திட்டுகிறவர்கள் திட்டட்டும், இனி அதற்கு அவர்களிடம் ஓட்டு இருக்கிறது.

ஏப்ரல் 6

பேக்கரிக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. வந்துவிட்டேன். அக்கா தலையணை கொண்டுவந்து கொடுத்தாள். "நான் அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சிட்டுத்தானே போறே?" என்றாள். இல்லை என்றேன். ஆமாம்தான்.

ஏப்ரல் 20

தேர்தல் முடிந்தது. தையற்காரர், பேக்கரிக்கார அம்மா, அக்கா, இன்னும் இரண்டு பேர். நான் தோற்றுவிட்டேன். 'குட்மார்னிங்' என்னைவிட அதிக ஓட்டு வாங்கியிருக்கிறார்! பூப்படம் போட்டே! இந்த ஜனங்களுக்கு என்ன வந்தது? வயிறு எரிகிறது. மக்கள் தீர்ப்பாம், மண்ணாங்கட்டி.

அத்தான் நிற்கவே இல்லை.

மே 9

மத்தியானம் அத்தான் கடைக்கு வந்தார். தனியாக, நடந்து. ஸ்கூட்டரை அக்கா எடுத்துப் போயிருக்கிறாளாம். வளையத்தில் இப்போது அந்த ஒரு சாவிதான்.

"கண்ணு மங்கலா இருக்கு" என்றார். என்னிடம் நேராக, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு.

உட்காரவைத்துச் சோதித்தேன். கடைசி இரண்டு வரியையும் தப்பாகப் படித்தார், அதையும் உறுதியான குரலில். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டபோது, "நீ என்ன நினைக்கிறே?" என்றார். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. "உங்க கண்ணு அத்தான். நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

சமக்காசில் பணம் கட்டப் போனை எடுத்தார். ஓட்டெடுப்பு ஒன்று வந்து நின்றது. குழு மறுபடியும் சின்னத்தை ஓட்டுக்கு விட்டிருக்கிறது. பச்சையா, நீலமா? இன்று கடைசி நாள்.

சோதனைக் கண்ணாடியைக் கழற்றாமலே நீலத்தைத் தொட்டார். பச்சை முந்நூற்று ஐம்பத்திரண்டு, நீலம் ஒன்று. திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தோத்துட்டேனா?"

"ஆமா அத்தான்."

"சரி." போனைப் பையில் போட்டார். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். "அடுத்த ஓட்டு எப்ப?"